மஞ்சள் சிவக்காத தண்ணீர்

எனக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் குளம் வைத்துக்கொள்ளும் ஆசையும் எந்த நாளிலும் இருந்ததில்லை. என் மனைவியின் இடுப்புக்காக வாங்கிய குளம் அது.

நான் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்து வாடகை வீட்டின் பின்பக்கம் துவைக்கிற கல்லருகே அவள் வழுக்கி விழுந்தாள். வலது தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்தது. புதுச்சேரியில் அறுவை செய்து உள்ளே தகடு வைத்து அனுப்பினார்கள். தையல் பிரித்த அன்று எலும்பு மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார்.

"எலும்பு கூடிடும் சார். மூட்டுதான் கவலை. இந்த சில மாசத்துல கால் எவ்வளவு அசையுதோ, அவ்வளவுதான் ஆயுசுக்கும். தரையில வலி விடாது. மார்பளவு தண்ணியில தினம் நடக்க வெச்சா பாரம் தெரியாது. வசதி இருந்தா செய்ங்க."

வசதி என்று அவர் எதைச் சொன்னாரோ தெரியாது. தென்பெண்ணையில் அந்த வருடம் மணல்தான் ஓடியது. கடல் அலைக்கு முறிந்த காலும் முறியாத காலும் ஒன்றுதான். பம்புசெட் தொட்டிகள் இருந்தன. ஊர் ஆண்கள் கோவணத்தோடு குதிக்கும் இடத்தில் அவள் எப்படி இறங்குவாள்? அப்போதுதான் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கிளியனூருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தோட்ட வீடு விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கட்டியது. மகனோடு இருக்கக் கடல் தாண்டிப் போகிறாராம். வீட்டுக்குப் பின்னால் படிக்கட்டும் இரும்புக் கைப்பிடியும் வைத்த சிமெண்ட் குளம் இருந்தது. அதில் வேப்பிலையும் தவளையும் இருந்தன.

சாவியைக் கொடுக்கும்போது அந்தப் பெரியவர் எனக்கு ஒரு துருப்பிடித்த வலையையும் ஓர் அறிவுரையையும் சேர்த்துக் கொடுத்தார். "தண்ணி பேசும் சார். தெனம் கிட்டப் போய்க் கேட்டாப் போதும்."

நான் தலையாட்டினேன். பொதுச் சுகாதாரத் துறையில் இருந்தவன் நான். தண்ணீர் பேசி நான் கேட்டதில்லை. அதைக் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கு வந்தவர்கள்தான் பேசினார்கள். வேதியியல் படித்துவிட்டுக் கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதிலேயே ஆயுளைக் கழித்திருந்தேன். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்கு வரும் அத்தனை வயிறுகளுக்கும் நானே பொறுப்பாக இருந்த காலம் உண்டு. கிணற்றின் கொள்ளளவு என்ன, அதற்கு எவ்வளவு பவுடர், கரைத்து எவ்வளவு நேரம் வைப்பது, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுப்பது எப்படி, சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, குளோரின் இருந்தால் வரும் மஞ்சள் நிறத்தைப் பார்ப்பது எப்படி என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குளத்தை நிரப்ப ஆரம்பித்ததும் முதல் விருந்தாளி வந்தார். பக்கத்து நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தவர். வேலி ஓரமாக நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சார், பயிர் ஒண்ணும் காணோம். தண்ணிய இறைச்சிக்கினே இருக்கீங்க?"

"வீட்டம்மாவுக்குக் கால் சரியில்ல. தண்ணியில நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நடக்கறதுக்கா இம்மாம் தண்ணி?" என்று அவர் வேலியைத் தாண்டி வந்து கரையில் உட்கார்ந்தார். "என் மல்லாட்டை நிக்கறதுக்கே தண்ணி இல்லாம பேஜாரு பட்டுக்கினு இருக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை.

முதல் வாரங்கள் நன்றாகப் போயின. அவள் பழைய நூல்புடவையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் தோளையும் கைப்பிடியையும் பிடித்தபடி படிப்படியாக இறங்குவாள். கடைசிப் படி தாண்டியதும் அவள் முகம் மாறும். வீட்டுக்குள் என் கையில் தொங்கியவள், அங்கே கையை விட்டுவிட்டு நிற்பாள்.

"குட்டையில எருமை நிக்கிற மாதிரி நிக்கறேன் இல்ல?"

"எருமை இவ்வளவு பயப்படாது."

"உங்களைத்தான் எறங்கச் சொல்றேன். எருமை சோடியாப் போவட்டும்."

நான் இறங்கவில்லை. எனக்குக் கரையில் வேலை இருந்தது. தினமும் காலையில் பவுடர் கரைத்துத் தெளிவெடுத்து ஊற்றுவேன். சோதனைக் குழாய் மஞ்சளாகும். விதிமுறை திருப்தியடையும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் மோர் போலக் கலங்க ஆரம்பித்தது. பிறகு ஓரங்களில் பாசி பிடித்தது. கிருமி மிஞ்சுகிறது என்று தீர்மானித்து பவுடரைக் கூட்டினேன். பாசி இன்னும் செழித்தது. படிகளில் வெள்ளையாக ஒரு படிவு ஏறியது. குழாயோ நாள் தவறாமல் மஞ்சள் காட்டியது. சோதனை சரியாக இருக்கும்போது தண்ணீர் தப்பாக இருக்க முடியாது என்பது எங்கள் துறையின் பழைய நம்பிக்கை.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அறுவைக்கு முன்பு அவளுடைய தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் சங்கிலியைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. கால் நேராகும்வரை மஞ்சள் கயிறுதான் என்று மேல்மலையனூர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை என்றால் முகத்துக்கும் பாதத்துக்கும் மஞ்சள் பூசி, கயிற்றிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டுதான் குளத்துக்கு வருவாள். அன்றும் அப்படித்தான் இறங்கினாள். நான் வலையால் இலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க. இங்க வாங்க. ஜல்தியா வாங்க."

மார்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றாள். தாலிக் கயிற்றை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள். கயிறு சிவந்திருந்தது. பழைய செங்கல்லின் சிவப்பு.

"ஒண்ணும் இல்ல. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா சிவக்கும். உனக்குத் தெரியாததா?"

"கவுத்துக்கு ஏதுங்க சுண்ணாம்பு?"

"பிளீச்சிங் பவுடரே சுண்ணாம்புல செய்யறதுதான்."

அவள் கைப்பிடியை நோக்கித் திரும்பினாள். படியேறும்போது பாதத்தைப் பார்த்தாள். பாதமும் சிவந்திருந்தது.

மறுநாள் வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த நாள் சளி என்றாள். அப்புறம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். நான் விடாமல் கேட்டபோது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தாலிக்கவுறு ரத்தம் மாதிரி ஆனா அது யாருக்கு ஆவாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நான் நொண்டினா நொண்டிக்கினு போறேன். நீங்க நல்லா இருங்க."

என் உயிருக்காக அவள் காலை விட்டுக்கொடுக்கிறாள் என்பது எனக்கு விளங்கியபோது கோபம்தான் வந்தது. நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்குப் பெரும்பாலும் கோபம்தான் வரும். மூடநம்பிக்கைக்கு மருந்து செயல்விளக்கம் என்று அமாவாசைக் கூட்டங்களில் ஒலிபெருக்கி வைத்துப் பேசியவன் நான். ஒரு பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டேன். மஞ்சள் பொடியைக் கரைத்தேன். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் ஒரு துளி கலந்தேன். தண்ணீர் குபீரென்று சிவந்தது.

"பார்த்தியா? இதுதான். நம்ம வீட்டு ஆரத்தியேதான். இதுல என்ன பயம்?"

அவள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆரத்தி எதுக்குங்க எடுக்கறோம்?"

"திருஷ்டிக்கு."

"எடுத்துட்டு என்னா பண்ணுவோம்?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"தெருவுல கொண்டுபோய் ஊத்துவோம். மிதிக்கக்கூட மாட்டோம், தாண்டிப் போவோம். அதுக்குள்ள என்னை எறங்கச் சொல்றீங்களா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செயல்விளக்கத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. எலுமிச்சம்பழத்தை வெட்டித் தட்டில் பிழிந்தேன். சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சள் வந்தது. வெற்றியோடு நிமிர்ந்தேன்.

"எலுமிச்சம்பழம் வேறயா?" என்றாள். "இன்னும் பூசணிக்காய்தான் பாக்கி. அதையும் ஒடைச்சிடுங்க."

சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே ஊற்றிவிட்டு வந்தேன்.

அதன்பின் குளம் சும்மா கிடந்தது. நான் கட்டிலருகே உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்து மடக்கிப் பார்ப்பேன். ஒரு வாரம் போனது, இன்னொன்று போனது. முன்பு மடங்கிய அளவுக்கு இப்போது மடங்கவில்லை. கதவின் கீல் துருப்பிடிப்பது போல இடுப்பு இறுகிக்கொண்டே வந்தது. வலிக்கிறதா என்றால் இல்லை என்பாள். தலையணையின் ஓரத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்திருக்கும். மருத்துவர் சொன்ன சில மாதங்கள் எங்கள் வீட்டுக் கட்டிலில் கழிந்துகொண்டிருந்தன.

தண்ணீரில் என்ன தப்பு என்பதை அந்த நாட்களில்தான் யோசித்தேன். கிணற்றில் நான் போடும் மருந்து கிணற்றோடு நிற்பதில்லை. ஊர் இறைத்துக் குடிக்கிறது, ஊற்றில் புதுத் தண்ணீர் வருகிறது, மறுநாள் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. குளத்துத் தண்ணீர் எங்கும் போவதில்லை. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை எனக்கு விட்டுவிட்டுப் போகிறது. தினமும் ஊற்றியது தினமும் சேர்ந்தது. காரம் ஏறிய தண்ணீரில் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. பாசியைப் பார்த்து பவுடரைக் கூட்டியதும், அதனால் காரம் கூடியதும், அதனால் பாசி கொழுத்ததும் ஒரே வட்டம். நிற்கிற தண்ணீருக்கு எங்கள் துறையில் விதிமுறையே கிடையாது. கொசு மருந்து அடிக்கச் சொல்வதோடு சரி.

அவளிடம் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. மஞ்சள் சிவக்காத தண்ணீர் ஒன்றுதான் அவளை இறக்கும். திண்டிவனத்துக்குப் போய், கக்கூஸ் கழுவ விற்கும் ஆசிட்டைக் கண்ணாடிப் புட்டிகளில் வாங்கிவந்தேன். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கலந்து கரை ஓரமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றினேன். படிகளில் பட்ட இடமெல்லாம் நுரைத்தது. வெள்ளைப் படிவு கரைந்து ஓடியதைப் பார்க்க நிறைவாக இருந்தது. சோதனைக்கு நானே ஒரு வழி செய்தேன். நூலில் மஞ்சள் தடவிக் குச்சியில் கட்டி தினமும் காலையில் தண்ணீரில் தொங்கவிடுவேன். முதல் நாள் செங்கல் சிவப்பு. அப்புறம் கொஞ்சம் பழுப்பு. பிறகொரு நாள் நூல் போனபடியே மஞ்சளாகத் திரும்பி வந்தது. நிச்சயம் வேண்டும் என்று அதற்குமேல் இன்னொரு வாளியும் ஊற்றினேன். பாசி ஒழிந்தது. குளத்தின் அடி தெரிந்தது.

நூலை அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சத்தியமா இந்தத் தண்ணிதானா?"

"நீயே முக்கிப் பாரு."

முக்கிப் பார்த்தாள். தாலிக் கயிற்றின் நுனியையும் ஒருமுறை நனைத்துப் பார்த்தாள். பிறகு இறங்கினாள். அன்று கரையோரம் மூன்று முறை போய்வந்தாள். வேலிக்கு அந்தப்பக்கமிருந்து மல்லாட்டைக்காரர் கைதட்டினார்.

"அக்கா, மெட்ராஸ் வரிக்கும் போய்ட்டு வாங்க!"

அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். அவள் கண் சிவந்திருந்தது, வெயில் என்றாள். தோல் வறண்டு தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள், வயசு என்றாள். ஒரு காலையில் குளத்திலிருந்து அவள் வீட்டுக்குள் போன வழியே நானும் போனேன். சிமெண்ட் தரையில் ஈரக் காலடிகள். வலது குதிகால் பட்ட இடத்தில் எல்லாம் சிவப்பு. மறுபடியும் சுண்ணாம்பா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. குனிந்து விரலால் தொட்டேன். ரத்தம்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவளின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் முழுவதும் சிராய்ப்பு. பாதி ஆறியது, ஆறாதது, புதியது. சரியாகத் தூக்க முடியாத வலது காலைப் படியிலும் தரையிலும் அவள் இழுத்துத்தான் நடப்பாள். அதுதான் அதிகம் கிழிந்திருந்தது. குளத்துக்குப் போய்ப் படியைத் தடவினேன். வழவழப்பாக இருந்த சிமெண்ட் பூச்சு உப்புத்தாள் மாதிரி சொரசொரத்திருந்தது. மணல் கையோடு வந்தது. என் ஆசிட் படிவைத் தின்றுவிட்டு, பசி அடங்காமல் சிமெண்டைத் தின்னத் தொடங்கியிருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"இருக்கும் ஒரு வாரம்."

"சொல்றதுக்கு என்ன?"

"கவுறு மஞ்சளாத்தானே இருக்குது?" என்றாள் ஆச்சரியமாக. "அப்புறம் என்னா? கால் எரிஞ்சா எரியட்டும். உங்களுக்கு ஒண்ணும் இல்ல இல்ல."

மஞ்சள் ஒரு பக்கம்தான் பேசும். காரம் ஏறினால் சிவந்து காட்டிக்கொடுக்கும். அமிலம் எவ்வளவு ஏறினாலும் மஞ்சளாகவே இருக்கும். எட்டாவது வகுப்புப் பாடம் இது. எனக்கும் பாடமாகத் தெரியும். அவளை இறக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவளுக்கு வேண்டிய சோதனையையே எனக்கும் போதும் என்று வைத்துக்கொண்டேன். தண்ணீர் பேசும் என்று அந்தப் பெரியவர் சொன்னார். என்னிடம் பேசியதோ அவள் குதிகால்.

காயம் ஆறும்வரை மறுபடியும் கட்டில். அந்த நாட்களில் குளத்துத் தண்ணீரைப் பாதிக்கு மேல் வெளியேற்றத் தீர்மானித்தேன். சுண்ணாம்பும் ஆசிட்டும் சண்டை போட்டு மிஞ்சிய உப்பை வேறு எப்படியும் எடுக்க முடியாது. வாஷிங் சோடா போட்டு அமிலத்தைத் தணித்து, வெயிலில் சில நாள் விட்டேன். குளோரின் பறந்தபின் மல்லாட்டைக்காரரைக் கூப்பிட்டேன்.

"வேணும்னா வாய்க்கால் வெட்டி எடுத்துக்கோங்க. ஓரத்துல ஒரு பாத்திக்கு விட்டுப் பார்த்துட்டு மத்ததுக்கு விடுங்க."

"முதல்ல தண்ணிக்கு மருந்து போட்டீங்க. அப்புறம் மருந்துக்கு மருந்து போட்டீங்க. இப்ப அதுக்கும் ஒரு மருந்து. மனுசன் ஆஸ்பத்திரியில படுப்பான், உங்க வூட்ல தண்ணி படுத்துக்கினு இருக்குது சார்." சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுத்துவரப் போய்விட்டார். ஒரு பாத்தி பார்த்தார். இலை வாடவில்லை. மிச்சத்தையும் ஒரே நாளில் உறிஞ்சிக்கொண்டார்.

விழுப்புரத்தில் பள்ளிக்கூட ஆய்வகங்களுக்குச் சாமான் விற்கும் கடையில், அமிலம் காரம் இரண்டையும் நிறத்தால் காட்டும் காகிதம் வாங்கினேன். கொத்தனாரை வைத்துப் படிகளைப் புதிதாகப் பூசினேன். மும்முனை மின்சாரம் வந்த நேரங்களில் மட்டும் மோட்டார் போட்டுக் குளத்தை நிரப்பினேன். பவுடரைக் கொஞ்சமாக, ஆசிட்டை இன்னும் கொஞ்சமாக, ஒன்றைப் போட்டுவிட்டு ஒருநாள் காத்திருந்து அடுத்ததைப் போடக் கற்றுக்கொண்டேன். காத்திருப்பதுதான் இதில் கடினமான பகுதி. தண்ணீர் சரியானது. காகிதம் நடுவில் நின்றது, நூல் மஞ்சளாக இருந்தது, அடியில் கிடந்த வேப்பங்கொட்டையை எண்ணலாம் போலிருந்தது.

அவள் மறுபடி நடந்தாள். கையை விட்டு, நிமிர்ந்து, திரும்பும்போது தண்ணீரைக் கையால் தள்ளி, பழைய நடையில் நடந்தாள்.

புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். மருத்துவர் அவளைப் படுக்கவைத்துக் காலை மடக்கினார். பாதி வந்து நின்றது. கொஞ்சம் அழுத்தினார். மறுபடி அழுத்தவில்லை.

"நடுவுல விட்டுட்டீங்களா?"

"தண்ணி சரியில்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் காலை மெல்லக் கீழே வைத்தார். "இவ்வளவுதான் சார் வரும். கைத்தடி வெச்சிக்கட்டும். தரையில உட்கார முடியாது."

திரும்பும் பஸ்ஸில் அவள் இருக்கையின் வெளி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். காலை மடக்க இடமில்லாமல் நடைபாதையில் நீட்டியிருந்தாள். ஏறி இறங்குபவர்கள் தாண்டிப் போனார்கள்.

"பூசைக்குக் கீழ உக்கார முடியாதில்ல?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஸ்டூல் போட்டுக்கலாம்."

"சாமி முன்னாடி ஸ்டூலா?" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "சரி. உங்களுக்கு ஒண்ணும் ஆவல இல்ல" என்றாள்.

நேர்த்தி நிறைவேறவில்லை என்பதால் சங்கிலி பெட்டியிலேயே இருந்தது. கயிறு கழுத்தில் இருந்தது. நாங்கள் அந்த வீட்டில் இருந்தவரை அவள் குளத்தில் இறங்குவதை விடவில்லை. மூட்டுக்கு இனி அதனால் லாபமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். காலையில் நான் காகிதத்தை நனைத்துப் பார்ப்பேன். அவள் நூலை நனைத்துப் பார்ப்பாள். என் காகிதத்தை அவள் நம்பியதில்லை. அவள் நூலை நான் நம்பியதில்லை. இரண்டும் ஒத்துக்கொண்டால் இறங்குவாள்.

ஒரு மார்கழிக் காலை நினைவிருக்கிறது. தண்ணீர் குளிரும் என்றேன். கேட்கவில்லை. அந்தக் கரைக்குப் போய்த் திரும்பினாள், மறுபடியும் போனாள். தண்ணீருக்கு மேலே தெரிந்த பெண்ணுக்குக் காலில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அவள் நடந்து ரேஷன் கடைக்குப் போன நாட்கள் தெரிந்தன. படிக்கு வந்தாள். முதல் படி ஏறினாள், இரண்டாவது ஏறினாள். தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்கியதும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கைப்பிடியை இறுக்கிக்கொண்டு நின்று என்னைப் பார்த்தாள்.

நான் கைத்தடியை நீட்டினேன்.